மாற்றுத்திறனாளிய வேலைக்கு எடுக்க எந்த வழி சரி? நம்ம ராம்நாடு கடக்கரை முதலாளிகளுக்கு ஒரு ஒப்பீடு

போன மாசம் மூணு பேரு என்கிட்ட ஒரே கேள்விய கேட்டாக. மண்டபத்துல நண்டு கம்பெனி வச்சிருக்க அண்ணன் ஒருத்தரு, ராமேஸ்வரத்துல கோயில் பக்கம் லாட்ஜ் நடத்துறவரு ஒருத்தரு, கீழக்கரையில துணிக்கடை பாய் ஒருத்தரு. மூணு பேருக்கும் கணக்கு எழுதுறது நான்தான், ஜிஎஸ்டி, பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம். "தம்பி, மாற்றுத்திறனாளி யாரையாச்சும் வேலைக்கு வைக்கலாம்னு இருக்கேன், நேரா எடுக்கவா, வீட்டுக்கு வேலைய குடுத்து விடவா, இல்ல ஏதாச்சும் டிரஸ்ட் மூலமா போகவா?" இதான் கேள்வி. என்கிட்ட கேக்குறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, சின்ன வயசுல போலியோ வந்து இடது கால்ல காலிப்பர் மாட்டித்தான் நான் நடக்குறேன்.

மூணு பேருக்கும் ஒரே பதில சொல்ல முடியல. நண்டு கம்பெனிக்கு சரியா வர்றது லாட்ஜுக்கு வராது. அதனால எதை எதை வச்சு எடை போடணும்னு முதல்ல சொல்லிட்டு, அப்புறம் ஒவ்வொரு வழியா போறேன். அவங்க மூணு பேரும் கேக்காத நாலாவது வழி ஒண்ணு இருக்கு, என்னைக் கேட்டா அதுலதான் ஆரம்பிக்கணும்.

## எதை வச்சு எடை போடுறது

முதல் விஷயம் வந்து போற வழியும் பாத்ரூமும். சம்பளம், சட்டம் எல்லாம் அப்புறம். காலைல ஆறு மணிக்கு பஸ் ஏறி வந்தவரு சாயங்காலம் வரைக்கும் ஒண்ணுக்குப் போகாம அடக்கிக்கிட்டு உக்காந்திருந்தா அந்த வேலை மூணு மாசம் தாங்காது, நின்னுடுவாரு, நீங்க "அவங்களுக்கெல்லாம் வேலை செய்ய மனசே இல்லப்பா"ன்னு சொல்லுவீங்க. இந்த வசனத்த நான் பத்து வாட்டியாவது கேட்டிருக்கேன்.

ரெண்டாவது, மாசக் கடைசியில அவரு கையில நிக்கிற காசு. நீங்க குடுக்குற காசு வேற, ஆட்டோவுக்கும் கூட வர்ற ஆளுக்கும் போக மிஞ்சுறது வேற.

மூணாவது மீன்பிடி தடைக்காலம். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, நாட்டுப்படகுல வர்ற சரக்கு மட்டும்தான். அந்த ரெண்டு மாசம் கம்பெனியில ஆளக் கொறைக்கும்போது முதல்ல யாரு பேர அடிக்கிறீங்க? இதுக்குப் பதில் இப்பவே தெரிஞ்சிருக்கணும்.

நாலாவதுதான் எனக்கு முக்கியம், மத்தவங்களோட கலந்து இருக்காரா இல்ல ஓரமா ஒரு மூலையில உக்கார வச்சிருக்கமா. என் கதையவே சொல்றேன். நான் முதல்ல வேலை பாத்தது ஒரு ஏற்றுமதி ஆபீஸ்ல. முதலாளி ரூம் மாடியில, ஏறுறதுக்கு குத்துப்படி. "நீ எதுக்குப்பா சிரமப்பட்டு மேல வர்ற, பைல கீழ அனுப்புறோம்"னு சொன்னாக. நல்ல மனசுலதான் சொன்னாக, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. நாலு வருஷம் கீழயே உக்காந்திருந்தேன். மாடியில டீ குடிச்சுக்கிட்டேதான் யாரு சீனியரு, யாரு தூத்துக்குடி போறது, யாருக்கு எவ்ளோ கூட்டறதுன்னு எல்லாம் பேசி முடிவாகும், எனக்கு அப்புறம் சேந்த பையன் எனக்கு மேல போயிட்டான், நான் கீழ பைலுக்கு நூல் கட்டிக்கிட்டு இருந்தேன். ஒருத்தரும் என்னை விரட்டல, திட்டல. படிதான் தடுத்துச்சு, நல்ல மனசுக்காரங்க அந்தப் படிய அப்படியே விட்டுட்டாங்க.

அஞ்சாவது உங்க நேரம். முதல் ரெண்டு மூணு மாசம் முதலாளியோ மேனேஜரோ தினமும் கொஞ்ச நேரம் ஒதுக்கணும். அது முடியலைன்னா எந்த வழியும் சரிப்படாது.

சட்டத்தையும் இங்கயே முடிச்சிடுறேன். 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல்ல இருந்து நடைமுறையில இருக்கு. பழைய 1995 சட்டத்துல 7 வகைதான், இதுல 21 வகை, ஆசிட் வீச்சுல பாதிக்கப்பட்டவங்களும் உள்ள வந்துட்டாக. 4 சதவீத இட ஒதுக்கீடு அரசாங்க வேலைக்குத்தான். தனியாருக்கு அப்படிக் கட்டாயம் இல்ல, 5 சதவீதம் பேர வச்சுக்கிற கம்பெனிக்கு அரசாங்கம் ஊக்கம் குடுக்கணும்னு மட்டும் இருக்கு. ஆனா சம வாய்ப்புக் கொள்கைன்னு ஒண்ணு எழுதி எல்லாரும் பாக்குற எடத்துல வைக்கணும்ங்குறது தனியாருக்கும் உண்டு, 20 பேரும் அதுக்கு மேலயும் இருந்தா இதப் பாத்துக்க ஒரு அலுவலரையும் போடணும். நான் கணக்கு எழுதுற கம்பெனிகள்ல இத ஒட்டி வச்சிருக்கவங்கள எண்ண ஒரு கை விரலு போதும்.

## வழி 1: நேரா எடுத்து சம்பளப் பட்டியல்ல பேர் ஏத்துறது

இதுக்கு எல்லாரும் பயப்படுறாக. பயப்படுறதுல பாதி, வேலைய முழுசா ஒரே மூட்டையா பாக்குறதால வர்றது. "நண்டு கம்பெனி வேலை"ன்னு ஒரு வேலையே கிடையாது. எடை போடணும், கழுவணும், அவிக்கணும், உரிக்கணும், சதையில ஓடு கிடக்கான்னு பாக்கணும், டப்பாவுல அடைக்கணும், லேபிள் ஒட்டணும், ஐஸ் போடணும், நோட்டுல எழுதணும். இதுல கூடைய தூக்கிக்கிட்டு ஈரத் தரையில நடக்குறது எனக்கு ஆகாது, சரி. உக்காந்து செய்யிறது அத்தனையும் ஆகும்ல?

ஐஸ் மிஷின் ஓடுற எடத்துல நீங்க நின்னு பாத்திருக்கீங்களா, யாரு பேசுறதும் யாருக்கும் கேக்காது. அங்க எல்லாரும் கையாலதான் பேசிக்குவாக, ரெண்டு விரல் காட்டுனா ரெண்டு கூடை, கைய குறுக்க வெட்டுனா போதும் நிறுத்து. காது கேக்காத ஒரு பொண்ண அப்படி ஒரு எடத்துல சேத்தாக, மத்தவங்க ஒரு மாசத்துல கத்துக்கிறத அது ஒரு வாரத்துல பிடிச்சிருச்சு, ஏன்னா அந்த எடத்துல காது கேக்குறவங்களும் அதோட நெலமையிலதான் இருக்காக. ஒண்ணே ஒண்ணுதான் மாத்துனாக, அபாய மணியோட ஒரு சிவப்பு லைட்டையும் சேத்து மாட்டுனாக. மீட்டிங் போடும்போது போன்ல பேச்ச எழுத்தாக்குற ஆப்ப ஆன் பண்ணி நடுவுல வைக்கிறாக, தமிழ்லயே ஓடும், மண்டபம் தமிழுக்கு அது போடுற எழுத்து சில நேரம் சிரிப்பா இருக்கும், ஆனா விஷயம் புரிஞ்சிடும்.

கண்ணு தெரியாதவங்கன்னா உடனே போன் எடுக்குற வேலைன்னு முடிவு பண்ணிடுறோம். லாட்ஜுல புக்கிங் போன், பில் எல்லாம் பாக்கலாம்தான், என்விடிஏன்னு ஒரு சாஃப்ட்வேர் காசில்லாம கிடைக்குது, கம்ப்யூட்டர்ல இருக்கிறத தமிழ்லயும் படிச்சுக் காட்டும். ஆனா உங்க பில்லிங் சாஃப்ட்வேரு அதோட ஒத்துப் போகுதான்னு வேலைக்கு எடுக்குறதுக்கு முன்னாடி பாத்துடுங்க. சில பழைய பில்லிங் சாஃப்ட்வேர்ல பட்டனெல்லாம் வெறும் படமா இருக்கும், அத மிஷினால படிக்க முடியாது, அப்புறம் ஆள எடுத்து சும்மா உக்கார வச்சிருக்கணும்.

இப்ப மறைஞ்சு நிக்கிற செலவுக்கு வாறேன். சரிவுப் பாதைன்னு சொன்னா எல்லாரும் வாசல்ல கொஞ்சம் சிமெண்ட பூசுனா போதும்னு நினைக்கிறாக. 1க்கு 12ங்குறதுதான் கணக்கு, ஒரு அடி உயரத்துக்கு பன்னெண்டு அடி நீளம். நம்ம லாட்ஜுக்காரருக்கு வாசல்ல மூணு படி, படிக்கு ஆறு இஞ்ச், மொத்தம் பதினெட்டு இஞ்ச். அப்ப பதினெட்டு அடி நீளம் வேணும். அவரு லாட்ஜுக்கு முன்னாடி இருக்கிற சந்தே அவ்வளவு அகலம் இல்ல, எதிர் கடைக்காரரு பானைய தூக்கி வச்சுட்டு வழி விடணும். நான் போயி சுத்திப் பாத்தப்போ பின்னாடி ஜெனரேட்டர் பக்கம் ஒரு கதவு, கிட்டத்தட்ட தரையோட தரையா, ஒரே ஒரு படிதான். அத திறந்து விட்டா ஆறு அடியில முடிஞ்சிடும். அந்தக் கதவுக்கு முன்னாடி பழைய மெத்தைய அடுக்கி வச்சிருந்தாக, அவ்வளவுதான் தடை.

உப்புக்காத்த யாரும் கணக்குல சேக்க மாட்டேங்குறாக. என் காலிப்பர் முட்டி மூட்டு கடல் இல்லாத ஊர்க்காரங்களுக்கு ஏறுறதுக்கு முன்னாடியே துரு ஏறிடும், வீல்சேர் பேரிங்கும் அப்படித்தான், அரசாங்கம் குடுக்குற இணைப்புச் சக்கர ஸ்கூட்டருக்கு போல்ட்டு இறுகிப் போயிடும். ஊன்றுகோல் அடியில இருக்கிற ரப்பர் புஷ்ஷு ஈரத் தரையில சீக்கிரம் தேஞ்சு வழுக்கும். புஷ்ஷு சின்னக் காசுதான், அது இல்லாம விழுந்தா இடுப்பு போயிடும். கம்பெனி ஸ்டோர்ல கையுறை, பூட்ஸ் வாங்கி வைக்கிற மாதிரி இதையும் நாலு வாங்கிப் போட்டு வைங்க, அவருகிட்ட காசு கேக்காதீங்க.

பஸ்ஸ பத்தியும் சொல்லணும். சாதாரண கட்டண டவுன் பஸ்ல மாற்றுத்திறனாளிக்கு டிக்கெட் கிடையாது, சந்தோஷம். ஆனா முதல் படி தரையில இருந்து எவ்ளோ உயரம்னு ஏறுறவங்கள கேளுங்க. அதுவும் சரக்கு வந்தாத்தான் வேலைங்குற கம்பெனியில ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வரும், அந்த நேரத்துல பாம்பன்ல இருந்து மண்டபத்துக்கு என்ன பஸ் இருக்கு? ஷிப்ட முன்கூட்டியே சொல்ல முடிஞ்சா நேரா எடுங்க, முடியாதுன்னா வண்டிக்கு ஏற்பாடு பண்ணிட்டு எடுங்க.

இன்னொண்ணு, பென்ஷன் பயம். மாசாமாசம் வர்ற உதவித்தொகை, பிஎஃப்ல பேரு ஏறுனா நின்னுடுமோன்னு வீட்ல பயப்படுவாக. அதனாலயே "என் பேர எழுதாதீங்கண்ணே, கையில குடுத்துடுங்க"ன்னு கேப்பாக. அதுக்கு நீங்க சரின்னு சொன்னா ரெண்டு பேருக்கும் கேடு. அடிபட்டா அவரு எதையும் வாங்குறது கஷ்டம், சோதனைக்கு வந்தா உங்களுக்கு வம்பு. பட்டணம்காத்தான் கலெக்டர் ஆபீஸ்ல இருக்கிற மாற்றுத்திறனாளி நல ஆபீஸுக்கு அவரையும் கூட்டிக்கிட்டுப் போயி, யூடிஐடி கார்ட (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) காட்டி, அவருக்கு வர்றது எந்த உதவித்தொகை, அதுக்கு என்ன நிபந்தனைன்னு நேர்லயே கேட்டு முடிச்சிடுங்க. இஎஸ்ஐ கணக்குல ஒரு சின்ன வித்தியாசம் உண்டு, மத்தவங்களுக்கு மாசச் சம்பளம் 21,000 வரைக்கும்தான், மாற்றுத்திறனாளிக்கு 25,000 வரைக்கும் போகலாம். அப்புறம், வருமான வரியில கிடைக்கிற 75,000 கழிவு (குறைபாடு 80 சதவீதமோ அதுக்கு மேலயோன்னா 1,25,000) முதலாளிக்கு இல்லைங்க, அது அந்த ஆளோட சொந்தக் கணக்குல, அதுவும் பழைய வரி முறையில இருந்தாத்தான். வருஷா வருஷம் யாராச்சும் ஒருத்தர் என்கிட்ட இத மாத்திக் கேக்குறாக.

நேரா எடுக்குறது எப்ப நல்லது: வருஷம் பூரா ஓடுற வேலை, உக்காந்து செய்யக்கூடியது, குறிப்பா கணக்கு, பில், எடை, தரம் பாக்குறது, தையல். லாட்ஜுக்கும் துணிக்கடைக்கும் இதுதான்.

## வழி 2: வீட்டுக்கு வேலைய குடுத்து விடுறது

நம்ம பக்கம் இது புதுசு கிடையாது. சிப்பி மாலை கோக்குறது, முண்டு மிளகாய்க்குக் காம்பு கிள்ளுறது, பனை ஓலைப் பெட்டி முடையிறது, வலை பின்னுறது எல்லாம் திண்ணையில நடக்குற வேலைதான். அதனால முதலாளிக்கு இதுதான் சுலபமா தெரியும், சரிவுப் பாதை வேணாம், பாத்ரூம் வேணாம், பிஎஃப் வேணாம்.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். மாலைக்கு 4 ரூபா, நாளைக்கு 40 மாலை, 160 ரூபா. நூலு அவங்க காசு, மூட்டைய எடுத்துட்டு வர ஆட்டோ, இதுல 40 போச்சு. அஞ்சு மாலை சரியில்லைன்னு தள்ளிட்டா இன்னொரு 20. கையில 100. அந்த நாப்பது மாலைக்கு அவங்க முதுகு வளைஞ்சு உக்காந்தது எட்டு மணி நேரமா பத்து மணி நேரமான்னு யாரும் எழுதி வைக்கல. முதலாளி செலவ மிச்சம் பண்ணிட்டேன்னு நினைக்கிறாரு, அது எங்கயும் போகல, அந்த வீட்டுத் திண்ணைக்கு மாறிடுச்சு.

எனக்குத் தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க, கால் ரெண்டும் நடக்க வராது, தங்கச்சிமடம் பக்கம், ரேட்டு கூட்டித் தாங்கன்னு கேட்டதுக்கு மறு வாரம் மூட்டையே வரல. கொண்டு வந்து போடுற ஆளு நடுவுல ஒருத்தன், கடைக்காரரு யாருன்னே அவங்களுக்குத் தெரியாது, யாருகிட்டப் போயி கேக்குறது? வீட்டு வாசல்ல இருந்து தார் ரோடு வரைக்கும் மணலு, வீல்சேரு சக்கரம் புதைஞ்சு நிக்கும். அவங்க மாலை கோக்குற கடையில ஒருநாள் கூட கால் வச்சதில்ல.

நாலாவது அளவுகோல்ல இந்த வழிக்கு மார்க்கு முட்டை, சந்தேகமே வேணாம்.

அதுக்காக வேணாம்னு ஒதுக்கவும் முடியாது. முதுகுத்தண்டு அடிபட்டு படுக்கையில இருக்கவங்க, பாத்துக்க ஆளில்லாத பிள்ளைய வீட்ல வச்சிருக்க தாய்மாரு, பஸ்ஸே வராத ஊரு, இவங்களுக்கு வீட்டு வேலைய விட்டா வேற இல்ல. அப்படிக் குடுக்குறதுன்னா பீஸ் ரேட்ட விட்டுட்டு மாசச் சம்பளத்துக்கு வீட்ல இருந்தே செய்யிற வேலையா பாருங்க. லாட்ஜ் புக்கிங் போன வீட்டுக்குத் திருப்பி விடலாம், துணிக்கடை வாட்ஸ்அப் ஆர்டரு, பில் என்ட்ரி எல்லாம் ஒரு போனும் நெட்டும் இருந்தா முடியும். பீஸ் ரேட்டுதான்னா நடுவுல ஆள் வைக்காதீங்க, நூலும் வண்டியும் உங்க செலவு, தள்ளுனா ஏன் தள்ளுனீங்கன்னு காட்டுங்க, ரேட்ட வருஷத்துக்கு ஒரு வாட்டி உக்காந்து பேசுங்க. ஒரு முழு நாள் வேலைக்கு அது கடையில நிக்கிற ஆளு கூலிய எட்டலைன்னா ரேட்டு தப்புன்னு அர்த்தம்.

## வழி 3: டிரஸ்ட், பயிற்சி மையம் மூலமா

நல்லது ஒண்ணு, ஆள தேடி அலைய வேண்டாம், கூடவே முதல் ரெண்டு வாரம் பக்கத்துல நின்னு சொல்லிக் குடுக்க ஒருத்தர அனுப்புவாக. சைகை மொழி தெரிஞ்சவரு வந்தா உங்க சூப்பர்வைசருக்கும் இருபது முப்பது சைகை பழக்கி விட்டுடுவாரு, அது போதும் வேலைக்கு. அறிவுசார் குறைபாடு இருக்கவங்களுக்கு இந்த உதவி இல்லாம ஆரம்பிக்கவே கூடாது. வேலைய சின்னச் சின்னதா உடைச்சு, படம் வரைஞ்சு ஒட்டி, அதே ஆளு அதே நேரம் அதே எடம்னு பழக்கணும், அதுக்குப் பொறுமை உள்ள ஆளு வேணும், உங்க மேனேஜருக்கு அது கிடையாது, எனக்கும் கிடையாது.

மனநலம் பாதிச்சு தேறி வந்தவங்கள பத்தியும் இங்கதான் சொல்லணும். நம்ம மாவட்டத்துல இந்தப் பேச்ச எடுத்தா "ஏர்வாடியில கொண்டு விட வேண்டியதுதான்"னு சொல்லிட்டுப் போயிடுறாக. 2001 ஆகஸ்ட் 6 அதே ஏர்வாடியில கொட்டகை தீப்பிடிச்சு, சங்கிலியில கட்டி வச்சிருந்த 28 பேரு வெளிய ஓட முடியாம செத்தாங்க. சட்டத்துல மனநோயும் அந்த 21ல ஒண்ணு, மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு ஒழுங்கா வேலை செய்யிறவங்க நெறைய பேரு. காலைல மாத்திரை மயக்கம் இருக்கும், ஏழு மணி ஷிப்ட பத்து மணிக்கு மாத்திக் குடுத்தா பாதி பிரச்சினை போயிடும். ஆனா நடுவுல சுகமில்லாம போனா யாருக்கு போன் பண்றதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும், அதுக்குத்தான் அந்த அமைப்போட துணை.

கெட்டது என்னன்னா, சில எடத்துல அவங்களுக்கு வேணுங்குறது எண்ணிக்கை. இத்தனை பேருக்குப் பயிற்சி, இத்தனை பேருக்கு வேலைன்னு ரிப்போர்ட் எழுதுனதும் ஆளு மறைஞ்சிடுவாரு, போன் எடுக்க மாட்டாரு. சேத்து விட்ட அன்னைக்கு பேனரு, சால்வை, போட்டோ. டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினம் வந்தா திரும்ப ஒரு மேடை. அதனால எழுத்துல வாங்குங்க, ஆறு மாசத்துக்கு மாசம் ஒரு வாட்டியாச்சும் வந்து பாப்போம்னு. அப்புறம், ஆள அவங்க பட்டியல்லயே வச்சுக்கிட்டு சம்பளத்த அவங்க மூலமா குடுக்குற ஏற்பாட்டுக்குப் போகாதீங்க. அதுல கமிஷன் புடிப்பாக, பிஎஃப் கட்டலைன்னா கடைசியில கேள்வி உங்ககிட்டதான் வரும்.

அஞ்சு பேருக்கு மேல ஒரே நேரத்துல எடுக்கிறீங்கன்னா, இல்ல காது கேக்காதவங்க நாலு பேரு ஒரே குழுவா வேணும்னா, இந்த வழிய எடுங்க. ஒரே ஒரு ஆளுக்கு இவ்வளவு சுத்தணும்னு இல்ல.

## வழி 4: ஏற்கனவே இருக்கிற ஆள விடாம வச்சுக்கிறது

மூணு பேருகிட்டயும் நான் திருப்பிக் கேட்டேன், "உங்ககிட்ட வேலை பாத்து, உடம்பு முடியாம நின்னுட்டவங்க யாராச்சும் இருக்காகளா?" நண்டு கம்பெனிக்கும் லாட்ஜுக்கும் இருந்தாக! சர்க்கரையில கால எடுத்த டிரைவரு ஒருத்தரு, ஐஸ் உடைக்கிற மிஷின்ல விரல் போனவரு ஒருத்தரு, பக்கவாதம் வந்த லாட்ஜ் மேனேஜரு. மூணு பேரும் வீட்லதான் இருக்காக. "பாவம்ண்ணே, தீபாவளிக்கு துணி எடுத்துக் குடுத்துடுவேன்"னு ஒருத்தர் சொன்னாரு.

அரசாங்க வேலையில இருக்கும்போது இப்படி ஆனா வேலைய விட்டு எடுக்கவோ பதவிய கொறைக்கவோ முடியாதுன்னு அதே 2016 சட்டத்துல இருக்கு, முடியலைன்னா அதே சம்பளத்துல வேற எடத்துக்கு மாத்தணும். தனியாருக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. ஆனா லாபநட்டக் கணக்கு மட்டும் போட்டுப் பாருங்க. அந்த டிரைவருக்கு பதினஞ்சு வருஷமா தூத்துக்குடி ரூட்டு தெரியும், எந்த ஐஸ் கம்பெனி எடையில அடிக்கும், எந்த லாரி எங்க நிக்கும், எவன் டீசல்ல கை வைப்பான்னு எல்லாம் அத்துபடி. அவர ஒரு நாற்காலியில உக்கார வச்சு டிரிப் ஷீட்டும் டீசல் கணக்கும் பாக்கச் சொன்னா மாசம் எவ்வளவு மிச்சம் ஆகும்? புதுசா ஒருத்தர எடுத்து அந்த அறிவ ஊட்ட எத்தனை வருஷம் ஆகும்?

பழக்கப்படுத்த வேண்டியதில்ல, எல்லாருக்கும் தெரிஞ்ச மொகம், கூட இருக்கவங்களுக்கும் "நாளைக்கு நமக்கு ஒண்ணுன்னா நம்மளையும் விட மாட்டாக"ன்னு ஒரு தெம்பு. இந்த ஒரு வழியிலதான் அஞ்சு அளவுகோலும் ஓரளவு தேறுது.

மறைஞ்ச செலவு இல்லாம இல்ல. முதல்ல அவரே வர மாட்டேன்னுவாரு. லாரிய அடக்கி ஓட்டுன மனுசன் ஒரு காலோட அதே ஷெட்டுக்குள்ள நுழையிறது லேசுப்பட்ட விஷயமா. ரெண்டு மூணு வாட்டி வீட்டுக்குப் போயி கூப்பிடணும், பணம் குடுக்குற மாதிரி கூப்பிடாம "டீசல் கணக்குல அடி வாங்குறேன்டா, வந்து பாரு"ன்னு கூப்பிடணும். அடுத்து, கூட இருக்க பசங்க முணுமுணுப்பாக, "உக்காந்துக்கிட்டே சம்பளமா"ன்னு. அந்த வேலை என்ன, அதுக்கு என்ன சம்பளம்னு முதல் நாளே எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டா பாதி அடங்கும். சம்பளத்த நைசா கொறைக்கிற பழக்கம் உண்டு, பண்ணாதீங்க. டிரிப் படி போகும், அது நியாயம், அடிப்படைச் சம்பளத்துல கை வைக்கக் கூடாது. வேலையில அடிபட்டவருன்னா இழப்பீடு தனி, இந்த வேலைய குடுத்துட்டு அத மறக்கடிக்கப் பாக்காதீங்க.

எப்ப சரிவராது: மூணே பேரு வேலை பாக்குற சின்ன ஷெட்டு, உக்கார்ற வேலையே இல்லைன்னா. அப்பக்கூட பக்கத்து கம்பெனியோட சேந்து ரெண்டு எடத்துக்கும் ஒரே கணக்குப்பிள்ளையா வைக்கலாம், எங்க பக்கம் ஒரு எடத்துல அப்படித்தான் நடக்குது.

மாற்றுத்திறனாளி சுய உதவிக் குழுகிட்ட பொருள் வாங்குறது நல்ல விஷயம், வாங்குங்க, லாட்ஜுக்கு மெழுகுவத்தி, துணிப்பை எல்லாம் கிடைக்கும். அத வேலை குடுத்த கணக்குல மட்டும் எழுதாதீங்க.

## ஒரே பார்வையில

| | நேரா எடுக்குறது | வீட்டுக்கு வேலை | டிரஸ்ட் வழியா | இருக்கிறவர தக்க வைக்கிறது |
|---|---|---|---|---|
| வழி, பாத்ரூம் | நீங்க கட்டணும் | தேவையில்ல, அதான் ஆபத்து | நீங்க கட்டணும் | கட்டணும், ஆனா எது வேணும்னு அவரே சொல்லுவாரு |
| கையில நிக்கிற காசு | நல்லா இருக்கும் | பீஸ் ரேட்டுன்னா மோசம் | நடுவுல ஆள் இருந்தா கொறையும் | பழைய சம்பளம் |
| தடைக்காலம் | முன்னாடியே பேசணும் | முதல்ல நிக்கிறது இதுதான் | நம்ப முடியாது | கணக்கு, ரிப்பேர்னு ஓட்டிடலாம் |
| கலந்து இருக்கிறது | இருப்பாரு, படி இல்லைன்னா | இல்ல | குழுவா தனியா ஒதுங்கிடலாம் | ஏற்கனவே கலந்தவரு |
| உங்க நேரம் | மூணு மாசம் நெறைய | ரொம்ப கம்மி | ஆரம்பத்துல கம்மி, அப்புறம் உங்க தலையில | கூட்டிட்டு வர்றதுக்குத்தான் |

## மூணு பேருக்கும் நான் சொன்னது

லாட்ஜுக்காரருக்கு, மேனேஜர திரும்பக் கூப்பிடுங்கன்னேன். வலது கை வரலைன்னா இடது கையால ரெஜிஸ்டர் எழுத வேணாம், கம்ப்யூட்டர்ல ஒரு பையன் அடிப்பான், வர்ற கூட்டத்துல யாருக்கு எந்த ரூம் குடுக்கணும்னு சொல்றது மேனேஜரு. பேச்சு கொஞ்சம் குழறும், அவசரப்படாம கேட்டா புரியும். அந்தப் பின் கதவு மெத்தைய எடுத்துட்டா சக்கர நாற்காலியில சாமி கும்பிட வர்ற கஸ்டமருக்கும் வழி ஆச்சு, அந்த லாபம் தனி. அவரு இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்காரு.

பாய்க்கு நேரா ஒருத்தர எடுக்கச் சொன்னேன், பில்லிங்குக்கு. கவுண்டர் உயரத்த பாருங்க, நின்னுக்கிட்டே பில் போடுற மாதிரி நெஞ்சு ஒசரத்துக்குக் கட்டி வச்சிருக்காரு, அத ரெண்டரை அடிக்கு வெட்டி இறக்கணும். "ஆசாரி வந்து ஒரு நாள் வேலைதானே தம்பி"ன்னாரு. மிச்ச ரெண்டு பேரோட ஒப்பிட்டா இவருதான் சட்டுனு முடிவெடுத்தாரு.

நண்டு கம்பெனி அண்ணனுக்குத்தான் நீளமா சொல்ல வேண்டியிருந்துச்சு. முதல்ல டிரைவரு, டீசல் கணக்குக்கு. அடுத்த சீசன்ல காது கேக்காத பொண்ணுங்க ரெண்டு பேரு, தனியா இல்ல, மத்தவங்க உரிக்கிற அதே மேஜையில. பாத்ரூம் பத்தி கேட்டேன், ஷெட்டுக்குப் பின்னாடி ரெண்டு படி ஏறி இருக்கு, கதவு உள்பக்கம் திறக்குது, உள்ள இந்தியன் டாய்லெட். ஊன்றுகோலோட உள்ள போனா கதவ சாத்த முடியாது, நான் போயி பாத்துட்டு வந்தே சொல்றேன்.

சீசன்ல தண்ணி கொட்டிக்கிட்டே இருக்கும், கொத்தனார உள்ள விட முடியாது. ஏப்ரல் 15 படகு கட்டுனதும் தரை காயும், அந்த 61 நாள்ல முடிச்சிடுங்கண்ணேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். கதவு அகலம் 900 மில்லிமீட்டருக்குக் கொறையக் கூடாது, வெளிப்பக்கம் திறக்கணும், சுவத்துல ரெண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி, அது இரும்பு வேணாம், உப்புக்காத்துக்கு எவர்சில்வர். கொத்தனாரு உள்பக்கம் திறக்குற மாதிரிதான் வழக்கம்னு சொல்லுவாரு, விடாதீங்க.